ஞானபாய் அக்காவும் ஊதாப் புள்ளிகளும்

ஞானபாய் அக்காவின் அண்ணன் மகன் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். “மாமா, அத்தை போயிட்டாவ” என்றான். “காலத்த சாயா குடிச்சாவ. பத்திரிகை வாசிக்கச் சொல்லிக் கேட்டாவ. பொறவு நாற்காலியில சாஞ்சவ எழும்பல்ல.”

மறுநாள் பாறசாலையில் அடக்கம். மழை விட்டிருந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் தமிழிலும் பாதிப்பேர் மலையாளத்திலும் கீர்த்தனை பாடினார்கள். ராகம் ஒன்றாக இருந்ததால் யாரும் தடுமாறவில்லை. அக்கா இருந்திருந்தால் அதை ரசித்துச் சிரித்திருப்பார்.

இந்த அஞ்சலியை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் வேதியியல் டீச்சர். சோதனைக் குழாயை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்காதே என்று அதட்டியவர். எனக்கு அவர் அதற்கு முன்பே பழக்கம். திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் அவர் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார், நான் அங்கே இயற்பியல் துறையில் உதவியாளராகச் சேர்ந்து சில மாதங்களாகியிருந்தன. என் ஊர் குன்னத்துகால், அவர் ஊர் பாறசாலை. வாரக் கடைசியில் ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போவோம். தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் சூடுபிடித்திருந்த ஐம்பதுகளின் காலம் அது. பஸ்ஸில் எந்த மொழியில் டிக்கெட் கேட்கிறோம் என்பதைக்கூட நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமை, நெய்யாற்றின்கரையைத் தாண்டும்போது, அக்கா மடியில் ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சி இதழை விரித்து வைத்திருந்தார். அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி மாணவர் கண்ணாடிக் குடுவைக்குள் கொஞ்சம் நீரையும், பூமியின் ஆதிகாலக் காற்றில் இருந்திருக்கலாம் என்று கருதப்பட்ட வாயுக்களையும் அடைத்து, மின்னலுக்குப் பதிலாக மின்பொறியைப் பாய்ச்சியிருந்தார். சில நாட்களில் அந்த நீரில் அமினோ அமிலங்கள் தென்பட்டன. நம் உடம்பின் புரதங்கள் அவற்றால் கட்டப்பட்டவை. உயிரில்லாதவற்றிலிருந்து உயிரின் செங்கற்கள் தாமாக உண்டாகலாம் என்பதற்கு அப்படி ஒரு சாட்சி அதுவரை இருந்ததில்லை.

“மின்னலு எப்பவாவது தானே வெட்டும், தம்பி” என்றார் அக்கா. “நமக்க கடப்பொறத்து மணலு ராவும் பகலும் கதிர விட்டுக்கிட்டே கெடக்கு. அதுக்க பக்கத்துல கெடந்த தண்ணியில ஒண்ணும் நடந்திருக்காதா?”

பஸ் பாறசாலையில் நின்று கிளம்பி, அடுத்த நிறுத்தத்துக்கும் வந்துவிட்டது. அக்கா இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

கதிரியக்கமுள்ள அந்த மணலை எடுக்க நாங்கள் கோட்டுகால் பக்கம் கடற்கரைக்குப் போனோம். உரிய அனுமதியை வேதியியல் துறைத்தலைவர் வாங்கித் தந்திருந்தார். கறுப்பு மணலைக் காந்தம் வைத்துப் பிரித்து, எஞ்சிய மஞ்சள் துகள்களைப் பலமுறை கழுவி, சூட்டில் உலர்த்தி, வாயுக்களும் நீரும் நிறைந்த குடுவைக்குள் அக்கா இட்டார். பிறகு அதை மூடி வைத்துக் காத்திருந்தார். அவ்வளவுதான் சோதனை. நான் கதிர்வீச்சை அளந்து கொடுப்பேன், மற்ற எல்லாம் அவர் வேலை.

ஊரில் சேதி வேறு விதமாகப் பரவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் அக்காவை நிறுத்தி, “நீ உயிர உண்டாக்கப் பாக்கியண்ணு சொல்லியாவளே, உள்ளதா?” என்று கேட்டார். குரலில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம்.

“உயிரொண்ணும் உண்டாக்கல்ல ஐயா. மண்ணுல இருந்தாக்கும் மனுஷன்ணு நீங்க பிரசங்கம் பண்ணுகிய. எந்த மண்ணுண்ணு நான் தேடுகேன்.”

போதகர், “கெடைச்சா முதல்ல எனக்குச் சொல்லணும்” என்றார்.

கிடைத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். குடுவையைத் திறந்து, அந்த நீரில் ஒரு துளியை வடிதாளில் வைத்து, கரைப்பானில் ஊறவிட்டு, உலர்த்தி, மேலே ஒரு மருந்தைத் தெளித்துச் சூடாக்கினார் அக்கா. அமினோ அமிலம் இருந்தால் அந்த மருந்து ஊதா நிறம் காட்டும். தாளின் நடுவில் இரண்டு ஊதாப் புள்ளிகள் மெல்ல எழுந்து வந்தன. ஓரங்களிலும் ஊதாத் தீற்றல்கள் இருந்தன. அவற்றை யார் கவனித்தார்கள்? துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவர் மலையாளி. கண்டிப்பானவர். அன்று எங்கள் இருவருக்கும் அவரே சாயா வாங்கித் தந்தார். பத்திரிகைக்காரர் ஒருவரிடமும் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரமே ஒரு மலையாளப் பத்திரிகையில் கேரளத்தின் மகள் உயிரின் ரகசியத்தைத் தொட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. ஒரு தமிழ்ப் பத்திரிகையில் அவர் தமிழ் மகள் ஆகியிருந்தார். நெய்யாற்றின்கரை வாசகசாலைக்காரர்கள் பொன்னாடை போர்த்த வேண்டும் என்றார்கள். அக்காவின் அண்ணன் செல்லையன் அதற்கு முன்பே பாறசாலையில் பாராட்டுக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார். அண்ணன் போராட்டத்தில் இருந்தவர். அடிபட்டு, சிறையிலிருந்து வந்து அதிக நாள் ஆகவில்லை. கடைசியில் இரு தரப்பும் ஒரே மேடையில் கௌரவிப்பது என்று முடிவாயிற்று. அதற்கே பல சுற்றுப் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது.

அக்காவுக்கு இந்த ஆரவாரம் எதுவும் தலைக்கு ஏறவில்லை. “மணல் போடாத குடுவையையும் பாக்கணும். அதுல ஒண்ணும் வராம இருந்தாத்தான் இது மணலுக்க வேலை” என்று சொல்லி, இரண்டாவது குடுவை ஒன்றையும் அதே விதமாக மூடி வைத்திருந்தார். அதைத் திறக்க வேண்டிய நேரத்தில் தெற்கே போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. பஸ்கள் நின்றன. கடைகள் அடைத்தன. அக்கா பாறசாலையில் அகப்பட்டுக்கொண்டார். நான் நகரத்தில் லாட்ஜில் இருந்தேன். அவர் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தபடி குடுவையைத் திறந்து நானே சோதித்தேன். எனக்கு வேதிப்பொருள் என்றால் பயம். அதனால் தாளைக் கையால் தொடாமல் சிறு இடுக்கியால் பிடித்தே எல்லாவற்றையும் செய்தேன். சூடாக்கினேன். ஒரு புள்ளியும் வரவில்லை. வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. மணல்தான் என்று உறுதியாகிவிட்டதல்லவா?

பஸ் ஓடத் தொடங்கியதும் அக்கா வந்தார். தெரிந்தவர் வீட்டில் சாவு என்று மட்டும் சொன்னார். பிறகு என் தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

“ஓரத்துலகூட ஒண்ணுமில்லியே. எப்படிப் பிடிச்ச?”

“இடுக்கியாலக்கா.”

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பெட்டியிலிருந்து ஒரு புதிய தாளை எடுத்தார். பெருவிரலை அதன் மேல் அழுத்தினார். மருந்தைத் தெளித்துச் சூடுகாட்டினார். கொஞ்சநேரத்தில் அவருடைய ரேகை, சுழி சுழியாக, அழகான ஊதா நிறத்தில் எழும்பியது. மனித வியர்வையில் அமினோ அமிலங்கள் உண்டு. துளி வைக்கும்போது தாளில் பட்ட வியர்வைதான் கரைப்பானில் நகர்ந்து புள்ளிகளாகியிருந்தது. பழைய குடுவையின் நீரை எடுத்து, இந்த முறை இடுக்கியால் மட்டும் பிடித்து, மறுபடியும் சோதித்தார். தாள் வெறுமையாகவே இருந்தது.

நான் அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் தன் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பாரேன், இத்தனை நாளும் நான் எனக்க வேர்வையைத்தான் பாத்துச் சந்தோசப்பட்டிருக்கேன்” என்றார். சிரிக்க முயன்றார். பிறகு தாள்களை எடுத்துக்கொண்டு துறைத்தலைவரின் அறைக்குப் போனார்.

துறைத்தலைவர் பதறிப்போனார். “ஒரு மாசம் கழிஞ்ஞு பறஞ்ஞால் போரே?” என்று கெஞ்சலாகவே கேட்டார். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் போதாதா? அதற்குள் வேறு மணலில் முயன்று பார்க்கலாமே? பாராட்டுக் கூட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை. அக்கா தலையசைத்து மறுத்தார். செய்தி கொடுத்தது நாம், அதைத் திருத்துவதும் நாமாகவே இருக்கட்டும் என்றார்.

அண்ணனிடம் சொன்னபோது நான் அருகில் இருந்தேன். செல்லையன் அண்ணன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அக்காவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

“ஆளுக அடியும் பட்டு, சாவும் கண்டு கெடக்கியாவ. சந்தோசப்பட ஒரு காரியம் வேணும். ரெண்டு மாசம் பொறுத்தா உனக்கு என்ன மக்கா?”

“பொய்யாக்கும் அண்ணா அது. அவ்வளவு பட்டவங்களுக்கு நான் பொய்யையா குடுக்குகது?”

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பள்ளிக்கூட மைதானம் நிறைந்திருந்தது. போலீஸும் நின்றது. ஒரு பக்கம் தமிழ்க் கட்சிக்காரர்கள், மறுபக்கம் நெய்யாற்றின்கரைக்காரர்கள். அக்கா எந்த மொழியில் பேசுவார் என்பதில்தான் எல்லோருடைய காதும் இருந்தது. அக்கா எழுந்து முதலில் தமிழில் சொன்னார். “அந்தப் புள்ளி குடுவையில உண்டானதில்ல. எனக்க கையில உள்ள வேர்வையாக்கும் அது.” பிறகு அதையே மலையாளத்தில் சொன்னார். மைதானம் அடங்கிவிட்டது. முன்வரிசையில் யாரோ செருமினார்கள்.

“நம்பாதவங்க வந்து பாருங்க” என்றார்.

மேசையில் தாளும் மருந்தும், சூடாக்கச் சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப்பெட்டி ஒன்றும் கொண்டுவந்திருந்தோம். யாரும் அசையவில்லை. அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து செல்லையன் அண்ணன் நடந்து வந்தார். அவர் வந்திருப்பதே எங்களுக்குத் தெரியாது. தங்கையின் முகத்தைப் பார்க்காமல் பெருவிரலைத் தாளில் அழுத்தினார். “ஜெயில்ல ஏற்கெனவே எடுத்தாச்சு. இனி எனக்கு என்ன பயம்?” என்று சத்தமாகச் சொன்னார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. போலீஸ்காரர்களும் சிரித்தார்கள். அவருடைய ரேகை ஊதாவாக எழும்பியதும் அக்கா அந்தத் தாளை உயர்த்திக் காட்டினார்.

அதற்குப் பிறகு கூட்டம் எங்கள் கையில் இல்லை. ஆட்கள் வரிசையில் வந்து விரலை வைத்தார்கள். தமிழ்க்காரர் யார், மலையாளக்காரர் யார் என்று பார்க்க எங்களுக்கு நேரமில்லை. ஒரு கான்ஸ்டபிள் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் முறைக்காக நின்றார். கொண்டுவந்த மருந்து தீர்ந்துபோனது. பேசுவதற்கென்று இருந்த பிரமுகர்களில் இருவர் பேசாமலே போனார்கள்.

கடைசியில் பொன்னாடைப் பிரச்சினை வந்தது. கண்டுபிடிப்பு இல்லை என்றான பிறகு போர்த்துவதா, வேண்டாமா? நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவர், பாலராமபுரத்தில் நெய்த நேரியது என்ற மெல்லிய சரிகைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தபடி நின்றார். பிறகு மேடையேறி, “துணி வாங்கியாச்சல்லோ, சேச்சி” என்று சொல்லி அக்காவின் தோளில் போட்டுவிட்டார். மறுகணமே தமிழ்த் தரப்பினர் தங்கள் சால்வையோடு ஓடி வந்தார்கள். இரண்டையும் போர்த்திக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, அக்கா சிரித்துக்கொண்டு நின்றார். கூட்டம் கலைந்ததும் அண்ணன் அருகில் வந்து, “தோத்ததுக்கும் கைதட்டு வாங்கிட்டியே, பிள்ளே” என்றார். அவர்களுக்கிடையே இருந்த மனத்தாங்கல் அத்தோடு தீர்ந்தது.

அந்தச் சோதனையை அக்கா பிறகு வெவ்வேறு விதங்களில் திரும்பச் செய்தார். எங்கள் கருவிகளுக்கு எட்டிய வரையில் மணல் எதையும் உண்டாக்கவில்லை. அதை அப்படியே ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கா ஒரு கட்டுரை என்று சிலர் கேட்டார்கள். “நான் போன வழியில இனி ஒருத்தரு போகண்டாமே” என்றார். பின்னாளில் களிமண்ணின் மேல் இந்த மூலக்கூறுகள் எப்படி ஒட்டுகின்றன என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கி, உங்களுக்கெல்லாம் டீச்சரானார். பெரிய பெயர் எதுவும் வரவில்லை. அவரும் தேடவில்லை. தன் வேலை தனக்குப் பிடித்திருந்த மனிதர் அவர். அப்படிப்பட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

எல்லை வகுக்கப்பட்டபோது பாறசாலை கேரளத்தில் நின்றுவிட்டது. அண்ணன் மனமுடைந்து, எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு பார்த்துக் குடிபோனார். தங்கையையும் கூப்பிட்டார். “வாறேன் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை தோறும்” என்றார் அக்கா. பல ஆண்டுகள் அப்படியே போய் வந்தார். அண்ணன் மறைந்த பிறகும் அந்த வீட்டுப் பிள்ளைகள் அவரை விடவில்லை.

போன வருடம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கண் மங்கியிருந்தது. யாராவது வாசிக்கக் கேட்டால்தான் உண்டு. நான் கொண்டுபோயிருந்த ஒரு புதிய கட்டுரையை வாசித்துக் காட்டினேன். கடலின் அடியில் வெந்நீர் ஊற்றுகளின் அருகே உயிர் தொடங்கியிருக்கலாம் என்கிறார்கள். நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டார். இரண்டு கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. முடித்ததும் கேட்டேன்: “அக்கா, உயிரு எப்படி வந்துதுண்ணு இப்பவாவது உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

“தெரியாது” என்றார். பழுத்த மாம்பழத்தை எடுத்துக் கொடுப்பவர் போல அவ்வளவு நிறைவாகச் சொன்னார். “அன்னைக்கு மொத்தமாத் தெரியாது. இப்பம் எங்கெங்க தெரியாதுண்ணு தெரியும். கொள்ளாம், நல்லதுதானே?”

எனக்கு வயதாகிவிட்டது. பேரப்பிள்ளைகள் எதையாவது கேட்டால், முன்பெல்லாம் வாய்க்கு வந்த விளக்கத்தைச் சொல்லிச் சமாளிப்பேன். இப்போது “தெரியாது” என்கிறேன். கூசாமல், அவர் சொன்ன அதே நிதானத்தோடு சொல்லப் பார்க்கிறேன். சொல்லிவிட்டு, “வா, பாக்கலாம்” என்று அவர்களோடு உட்கார்ந்துகொள்கிறேன். ஞானபாய் அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்.