அண்ணன் துடைத்துத் தந்த அம்மா முகம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அண்ணனின் சிநேகிதர்களுக்கும் வணக்கம். அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் கொடுத்தார்கள். எழுத உட்கார்ந்தால் அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பந்தியில்கூட முந்தாத மனிதர், இதில் மட்டும் அப்பாவையே முந்திக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் பிறந்தது மலை மேலே இருக்கும் எங்கள் மாரமங்கலத்தில். கொஞ்சம் காப்பி, நிழல்மரங்களில் மிளகு, மேட்டில் சாமை, இவ்வளவுதான் எங்கள் குடும்பத்துக்கு. எனக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டார்கள். அப்பா காட்டுக்குப் போய்விட, எனக்குக் கஞ்சி ஊற்றியதும் தலை வாரிவிட்டதும் அண்ணன்தான். அவர் எடுக்கும் வகிடு ஒருநாளும் நேராக வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். "கொண்டை ஊசி ரோட்டுல பொறந்தவளுக்கு நேர் வகிடு எதுக்கு கண்ணு?" என்று கேட்டுவிட்டு, அழுகிற பிள்ளையைச் சிரிக்க வைத்து அனுப்புவார்.

அம்மாவின் போட்டோ என்று எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணத்துக்கு வரச் சொன்ன போட்டோக்காரர், மழைக்குப் பயந்து பாதி வழியில் திரும்பிவிட்டாராம். எந்தக் காமிராவாவது அம்மாவைப் பார்த்தது என்றால், அது ஒரே ஒரு தடவைதான்.

அன்று எங்கள் மலையின் கடைத்தெருவான ஒண்டிக்கடையில் ஒரு தொலைக்காட்சித் தொடருக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாமான் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற அம்மாவையும் மற்ற சனங்களையும், "அப்படியே நில்லுங்க" என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேனாம். ஏழு வயதுப் பையனான அண்ணன் மட்டும் அம்மா கையை உதறிவிட்டு ஓடிப் போய்க் காமிராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். குறுக்கே ஓடிவிடப் போகிறார் என்று அங்கிருந்த ஒருவர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தி வைத்தாராம். அதனால் படத்தில் அம்மாவும் நானும் உண்டு, அண்ணன் கிடையாது. "நீ நடிகை. நான் வேடிக்கை பாத்தவன்" என்று சாகும்வரை என்னைக் கேலி செய்தார்.

அந்தத் தொடர் ஒளிபரப்பானபோது அம்மா உயிரோடு இல்லை. பஞ்சாயத்து டிவியில் ஊரே கூடிப் பார்த்தது. மலைக்கு மேலே சிக்னல் சரியாகக் கிடைக்காமல் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்ததாம். என்னைத் தோளில் வைத்திருந்த அப்பா "அதோ அம்மா!" என்று கத்துவதற்குள் காட்சி மாறிவிட்டதாம். எனக்கு அது துளிகூட ஞாபகம் இல்லை. "அம்மா மூக்கு எப்படிண்ணா இருக்கும்?" என்று பிறகு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "உன் மூக்குதான், ஆனா அம்மாவுக்கு நல்லா இருக்கும்" என்பார்.

சேலத்தில் படித்து, ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களுக்கு வேலை பார்த்து, பிறகு அண்ணன் சென்னையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனார். பழைய டிவி தொடர்களின் பிலிமைத் தேடி எடுத்து, கீறலும் தூசியும் நீக்கி, மங்கிய நிறத்தை மீட்டு, இன்றைய பெரிய டிவிகளில் பளிச்சென்று தெரியும்படி மறுபடி வெளியிடும் கம்பெனி அது. பெண் பார்க்கப் போன இடத்தில் என்ன வேலை என்று கேட்டதற்கு, "பழைய சீரியலைத் துடைச்சு வெக்கறனுங்க" என்றார். அண்ணியின் அப்பாவுக்கு என்ன புரிந்ததோ, உள்ளே இருந்த ரிப்பேர் டிவியைத் தூக்கி வந்து முன்னால் வைத்துவிட்டார். அண்ணனும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் காப்பி குடித்தார்.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. "எடுத்தவங்க எடுத்த மாதிரியே குடுக்கோணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது" என்பார். அதில் அவரை அசைக்கவே முடியாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் போன் செய்தார். என் கடையில் சாமான் வாங்க ஆள் நின்றதால் எடுத்த எடுப்பில் "அப்புறம் பேசுங்கண்ணா" என்றேன். "அம்மா வந்திருக்குது கண்ணு" என்றார். நின்ற ஆளை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்கு வெளியே வந்துவிட்டேன். அந்தத் தொடரின் பிலிம் அவர்கள் கம்பெனிக்கே வந்திருந்தது. "அந்த இடத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணா" என்று கெஞ்சினேன். வெளியாகும் முன்பு எதையும் வெளியே கொண்டுபோவதில்லை என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். பெற்ற தாய்க்குமா சட்டம் என்று சண்டை போட்டேன். மனிதர் மசியவில்லை. "சுத்தமாத் துடைச்சுத் தர்றேன். ஊரோட உக்காந்து பாரு" என்றார்.

அப்போதுதான் நோய் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதும் வேலைக்குப் போவதுமாக இருந்தார். அதோடு இன்னொரு தலைவலி. பழைய தொடர்கள் சதுரமாக எடுத்தவை, இன்றைய டிவி அகலம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள், மேலேயும் கீழேயும் வெட்டித் திரையை நிரப்பு என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அண்ணன் போராடிப் பார்த்துத் தோற்றார். அன்று போனில் அவர் குரலே சரியில்லை.

"மேல் பக்கத்தை வெச்சா உன்னைக் காணோம். கீழ் பக்கத்தை வெச்சா அம்மா மூஞ்சியைக் காணோம். அம்மா கை உன் தலை மேல இருக்குது கண்ணு. அதை எப்படி வெட்டறது?"

"அம்மா மூஞ்சியவே வெச்சிருங்கண்ணா. என் மூஞ்சியத்தான் தெனமும் கண்ணாடில பாக்கறனே" என்றேன். வாய் அப்படிச் சொன்னது. அந்தக் கை எனக்கு வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அண்ணனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இல்லை. இனி வைத்தியம் இல்லை என்றதும், "ஊட்டுக்குப் போலாம்" என்று மட்டும் சொன்னார். அடிவாரம் தாண்டியதும் கார் ஜன்னலைத் திறக்கச் சொல்லி, குளிர் முகத்தில் அடிக்க அடிக்கக் கண்ணை மூடியபடி வந்தார். மாரமங்கலத்தில் எங்கள் வீட்டில், அப்பாவின் கையைப் பிடித்தபடி, ஒரு காலை நேரத்தில் போனார். பெற்ற பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றும் நிலைமை எந்தத் தகப்பனுக்கும் வரக் கூடாது.

ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைத்து அண்ணனை அலுங்காமல் கொண்டுவந்து சேர்த்த டிரைவர் தம்பிக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்து அப்பாவைச் சாப்பிட வைத்த பக்கத்து வீட்டாருக்கும், மழையில் பாடையைச் சுமந்த ஊர்க்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கு நன்றி சொன்னால் என்னைத் திட்டுவார்கள், ஆகையால் சொல்லவில்லை.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அண்ணனோடு வேலை பார்த்த கல்பனா. போன மாதம் அந்தத் தொடர் மறுபடி வெளியான அன்று, அவராகவே எனக்குப் போன் செய்தார். "பஸ் ஸ்டாப் சீன் வரும்போது கவனமா பாருங்க. கேமரா ஆடாமத்தான் எடுத்திருந்தாங்க. சார்தான் படத்தை வெட்டற சட்டத்தை அம்மா முகத்துல இருந்து உங்க தலை வரைக்கும் மெதுவா கீழ இறக்கிவிட்டிருக்கார். இத்தனை வருஷத்துல சார் அப்படிக் கை வெச்ச ஒரே இடம் அதுதான். மாத்திடலாமான்னு கேட்டேன். இந்த ஒண்ணு மட்டும் என் தப்பா இருந்துட்டுப் போகட்டும்னு சொன்னார்" என்றார். கல்பனாவுக்கு நான் பட்ட கடன் தீராது.

அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்த்தேன். கதாநாயகன் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போய்விட்டார். அம்மா நின்றார்கள். ஒரு புள்ளி இல்லை, ஒரு கீறல் இல்லை. என் மூக்குதான், அம்மாவுக்கு நன்றாக இருந்தது. படம் மெதுவாக இறங்கியது. அம்மாவின் தோள், வளையல், கை, கைக்குக் கீழே கோணல் வகிடு இல்லாத என் தலை.

அப்பா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து தேடினார். பிறகு கேட்டார். "இதுல நம்ம பையன் எங்க கண்ணு?"

"அவரு இதுல இல்லீங்கப்பா. அவரு காமிராகிட்ட நின்னு நம்மளப் பாத்துட்டு இருக்கறாரு. இது அவரு பாக்கறது."

அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா போடு சாமி" என்றார்.