ஜோடி சேராத ரப்பர் ஷூ

கொரியாவில் ஷூ கம்பெனி வேலை. வார இறுதியிலாவது ஷூ கண்ணில் படக்கூடாது என்றுதான் மலைமேல் இருக்கும் இந்த புத்தர் கோயிலில் வந்து தங்கியிருக்கிறேன். கூட வந்த குமார் மாதனூர்க்காரன். ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்தே ஜோடி சரிபார்க்கும் செக்கிங் வேலை. பூஜையின் நடுவே அவன் எழுந்து போனபோதே எனக்குச் சந்தேகம்.

முடிந்து வெளியே வந்தால், வாசலில் பெரிய பிக்கு ஒரு காலில் மட்டும் ஷூவோடு நிற்கிறார். இங்கே பிக்குகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை ரப்பர் ஷூ. அவருக்கு இடது கால் நுழையவில்லை. பக்கத்திலேயே குமார்.

"இன்னாடா பண்ணி வெச்ச?"

"ஒன்னு எட்டு சைஸ், ஒன்னு ஒன்பது அண்ணா. ஜோடி தப்பு. பக்கத்துல இருந்த எட்ட எடுத்து மாத்தி வெச்சேன்."

தலையில் அடித்துக்கொள்கிறேன். அரைகுறைக் கொரிய மொழியில் மன்னிப்புக் கேட்கிறேன். "பிறவியிலேயே எனக்கு இடது கால் பெரிது" என்று சிரிக்கிறார் பிக்கு. குமாரிடம் அதைச் சொல்கிறேன். அவன் குனிந்து அவருடைய இரண்டு பாதங்களையும் உற்றுப் பார்க்கிறான்.

"அப்போ மிஸ்டேக் கால்லதான் அண்ணா. நம்ம செக்கிங்ல இல்ல."

"என்ன சொல்கிறார்?" என்று பிக்கு ஆவலாக என் முகத்தைப் பார்க்கிறார்.