பார்னி லினகன் வீட்டுத் தொட்டி

கேவன் மாவட்டத்தில், டிரம்கோர் பக்கம், மாட்டுக் கொட்டகைக்கு அடியில் இருக்கிற தொட்டியைக் கலக்கி அந்தச் சாணிக் குழம்பைப் புல் வயலில் வீசுவதற்கு மாலக்கி டோலனை விட்டால் ஆள் கிடையாது. இதை மாலக்கியே சொல்வார். அவர் சொல்வதால் அது பொய்யாகிவிடாது. பதினோரு வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவர். முதல் டேங்கர், பழைய இரும்புக் கடையில் கிடந்த பால் லாரித் தொட்டி. அதற்குச் சக்கரம் வைத்து, ஓட்டை அடைத்து, தன் கையாலேயே பற்றவைத்தார். இன்றைக்கு இரண்டு டிராக்டர், ஒரு பெரிய டேங்கர், தொட்டியில் இறக்கி ஓட்ட ஒரு கலக்கி இயந்திரம். எவன் அப்பன் சொத்தும் அதில் கிடையாது.

"மத்தவன் கலக்குவான், அடியில பாதி அப்படியே கெடக்கும்" என்பார். "நான் கலக்கினா தண்ணி மாதிரி ஓடணும். ஓடும்."

பக்கத்துப் பண்ணைக்காரர் பார்னி லினகன் பிப்ரவரி முதல் தேதி இறந்துபோனார். குளிர்காலம் பூராவும் சாணி வீசக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்தத் தடை நீங்கிய அன்று காலையில்தான் பார்னி கண்ணை மூடினார். தொட்டியைக் கலக்க வரச்சொல்லி மாலக்கியிடம் முன்தினமே சொல்லிவைத்திருந்தார்.

சாயங்காலம் மாலக்கி துட்டி வீட்டுக்குப் போனார். முன்னறையில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டுச் செபம் சொன்னார். ஒரு சாண்ட்விச் சாப்பிட்டார். அப்புறம், அந்த ஊரில் எல்லோரும் செய்வதுபோல, மாட்டைப் பார்க்கக் கொட்டகைக்குப் போனார். பார்னியின் மனைவி அட்ராக்டா கறுப்பு உடையோடு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

தொட்டி நிறைந்து, தரைச் சந்து வழியாகக் குழம்பு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மாடுகள் குளம்பு முங்க நின்றன.

"பாத்தியா?" என்றாள் அட்ராக்டா.

"பாத்தேன்."

"அந்த ரெண்டும் இப்பவோ அப்பவோன்னு நிக்குது. கன்னு இதுல விழுந்தா மூக்குல ஏறிடும். மாத்திக் கட்ட வேற எடமும் இல்ல."

"நாளைக்குக் காத்து இருக்கு. அப்புறம் காத்து செத்துடும். பின்னாலேயே மழை."

"நாளைக்கு அடக்கம்."

"ஆமா."

இரண்டு பேரும் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிக்கல் இரண்டு பேருக்கும் தெரியும். தொட்டியைக் கலக்கினால் முதல் அரை மணி நேரம் மேலே வருகிற வாயு ஆளையே சாய்த்துவிடும். காற்று வேண்டும். பக்கத்தில் மனுஷர், மாடு, நாய் எதுவும் கூடாது. துட்டி வீட்டு முற்றத்திலோ கார் நிறுத்த இடமில்லாமல் கூட்டம். வீடு காலியாகிற ஒரே நேரம் நாளைக்குப் பூசை நடக்கிறபோதுதான்.

"வீட்டுக் காவலுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார் மாலக்கி. அடக்கத்துக்குப் போகிறபோது வீட்டை வெறுமனே விட்டுப் போகமாட்டார்கள். ஒரு ஆள் இருக்க வேண்டும்.

"பிரிஜட் கிழவி."

"கிழவிய கோயிலுக்குப் போகச் சொல்லு. நான் இருக்கேன்."

"நீ பெட்டி தூக்கறவன்யா."

"தெரியும்."

அது சின்ன விஷயமில்லை. டிரம்கோரில் அடக்கத்துக்கு யார் வந்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. யார் வரவில்லை என்றுதான் பார்ப்பார்கள். பார்த்ததைப் பேரன் காலம்வரை சொல்வார்கள். மாலக்கி மீசை முளைத்ததிலிருந்து ஒரு அடக்கத்தையும் விட்டவரில்லை. பார்னியின் அப்பாவை முன்பக்கம் தோள் கொடுத்துத் தூக்கியவர்.

வாசலில் அட்ராக்டாவின் தம்பி ஹியூபர்ட் சேதியைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "கூட வளந்தவன் பெட்டிய விட்டுட்டுச் சாணி கலக்கினாருன்னு உம்ம கல்லறையில எழுதுவாங்க, பரவாயில்லையா?"

"எழுதறவன் நல்லா கலக்கினாருன்னும் சேத்து எழுதட்டும்" என்றார் மாலக்கி. ஆனால் அன்றைக்கு வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் கடைசிக் கார் போனதும் மாடுகளை வெளியே ஓட்டினார். நாயைத் தூரத்தில் கட்டினார். கலக்கியை இறக்கி ஓடவிட்டு, காற்று வருகிற பக்கம் போய் நின்றுகொண்டார். மேலே கட்டியிருந்த ஏடு உடைந்து புரண்டது. கோயில் மணி கேட்டபோது தொப்பியைக் கழற்றினார், நின்றதும் போட்டுக்கொண்டார். குழம்பு தண்ணீராக ஓடத் தொடங்கியதும் டேங்கரை நிரப்பி, இருப்பதில் காய்ந்த வயலாகப் பார்த்து வீசப் போனார். அது ரோட்டோர வயல்.

அங்கேதான் தப்பு பண்ணினார். அந்த ஊரில் யார் செத்தாலும் கோயிலிலிருந்து நேராகக் கல்லறைக்குக் கொண்டுபோவதில்லை. சுற்றிக்கொண்டு அவரவர் நிலத்து வழியாகத்தான் கொண்டுபோவார்கள். கேட்டருகே வண்டியை நிறுத்திப் பெட்டியைத் தோளில் ஏற்றி, அந்த நிலம் முடிகிறவரை நடப்பார்கள். மாலக்கி எத்தனையோ பெட்டியை அந்த ரோட்டில் தூக்கியவர். காற்றையும் மாட்டையும் நினைத்தவர் இதை நினைக்கவில்லை.

மூன்றாவது லோடு பாதியில், வேலிக்கு மேலே சவ வண்டியின் கூரை தெரிந்தது. பின்னால் ஊரே வந்தது.

மாலக்கி வீச்சை நிறுத்தினார். டிராக்டரை அணைத்தார். இறங்கித் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வயலில் நின்றார். வண்டி கேட்டருகே நின்றது. ஆண்கள் இறங்கினார்கள். அத்தனை பேரும் முதலில் அவரைப் பார்த்தார்கள், அப்புறம் வயலைப் பார்த்தார்கள்.

பெட்டி வெளியே வந்தது. முன்பக்கத்தில் மாலக்கிக்குப் பதிலாக டப்ளினில் பாங்கு வேலை பார்க்கும் பார்னியின் மருமகன் நின்றிருந்தான்.

அட்ராக்டா காரின் கண்ணாடியை இறக்கினாள். "மாலக்கி, தொட்டி எவ்வளவு எறங்கிச்சு?"

"ஒரு முழம் எறங்கிருச்சு. தரை தெரியுது."

"சரி. வா, தோள் குடு."

"இந்தக் கோலத்துலயா?"

"அவர் என்னைக்குச் சந்தனமா மணந்தாரு? வாய்யா."

கேட்டைத் தாண்டிக் குதித்து வந்தார். மருமகன் கேட்காமலேயே விலகிக்கொண்டான். பெட்டி தோளில் ஏறியது. பக்கத்தில் தூக்கிய ஹியூபர்ட் நிலம் முடிகிறவரை முகத்தை மறுபக்கம் திருப்பியே நடந்தான். பாதிரியார் செபத்தை வழக்கத்தைவிட வேகமாகச் சொன்னார். எல்லை வந்ததும் பெட்டியை வண்டியில் வைத்தார்கள். மாலக்கி அதன்மேல் ஒரு கணம் கை வைத்துவிட்டு, வயலுக்குத் திரும்பினார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் சூப்புக்கு வீட்டுக்கு வந்தபோது தொட்டி பாதியாகியிருந்தது. மாலக்கி அடக்கத்துக்கு வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. வேறு பேச்சிருந்தது.

"கேட்டுப் பக்கம் சாணி படாம ஒரு பட்டை விட்டுப்போச்சு மாலக்கி" என்றான் ஹியூபர்ட், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "நாங்க எல்லாருமே பாத்தோம்."

"அது பெட்டி வந்தப்ப நிறுத்தினது."

"நிறுத்தினதோ என்னமோ. பட்டை பட்டைதான்."

"அப்படியே இருக்கட்டும்" என்றாள் அட்ராக்டா. "அவர் போன எடம்."

நாலைந்து பேர் கண்ணைத் துடைத்தார்கள். மாலக்கியும் தலையை ஆட்டினார். அப்புறம் சூப்பை வைத்துவிட்டு எழுந்துபோய், இருட்டுவதற்குள் அந்தப் பட்டையையும் வீசி முடித்தார். ரோட்டோர வயல். நாலு பேர் பார்க்கிற இடம்.

மூன்றாம் நாள் மழையில் முதல் மாடு ஈன்றது. காய்ந்த தரையில் விழுந்தது, கிடேரிக் கன்று. அட்ராக்டா அதற்குப் பேர் எதுவும் வைக்கவில்லை. காதில் நம்பர் வில்லை அடித்தாள்.