தட்டின் ஓரத்துக் கீரை

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அங்கன்வாடியில் சமைத்துப் போட்ட அந்த அம்மாளின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒல்லியான உடம்பு, ஈரம் காயாத முந்தானை, கையில் ஒரு தூக்குப்போசி. பேத்தியை அழைத்துவரப் போகும்போதெல்லாம் அந்தப் போசியைத்தான் பார்ப்பேன்.

ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் அவர் கொஞ்சம் முருங்கைக்கீரை வைப்பார். பிள்ளைகள் தொடமாட்டார்கள். அவரும் வற்புறுத்தமாட்டார். மிஞ்சியதை வழித்துப் போசியில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“ஏம்மா, புள்ளைங்க திங்காதுன்னு தெரிஞ்சே வெக்கறீங்களே, எல்லாம் உங்க ஊட்டுக் கோழிக்கா?”

“ஆமாங்க, மிச்சம் கோழிக்குத்தானுங்க. ஆனா தெனமும் கண்ணுல படோணுமுங்க. பாத்துப் பாத்துப் பழகுனா ஒரு நாளைக்கு அதுகளே எடுத்துத் திங்குமுங்க. வாயில திணிச்சா துப்பிப்போடுமுங்க சாமி.”

பிள்ளைகள் சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுபோகிறார் என்று அங்கன்வாடி அதிகாரிக்கு ஒரு மனு எழுதினேன். அதில் அவர் சொன்ன முதல் வாக்கியத்தை மட்டும் சேர்த்தேன். படித்தவன் எழுதியதை யாரும் சந்தேகிக்கவில்லை. அவரை மோகனூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

அடுத்த மாதம் வீட்டில் கீரைப் பொரியல். பேத்திக்குப் பிடிக்காதென்று மருமகள் அவளுக்கு வைக்கவில்லை.

“எனக்கு ஓரத்துல வெக்கலியா?” என்றாள் பேத்தி.

வைத்ததும் சற்று நேரம் அதையே பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மனுவைத் திரும்பப் பெற நான் போகவில்லை. இதை எழுதும்போதுகூட, அந்த அம்மாள் வீட்டில் எத்தனை கோழிகள் இருந்திருக்கும் என்றுதான் மனம் யோசிக்கிறது.