நான்தான் என்று சொல்ல வேண்டியவன்

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். கோவை கணபதியில் எங்கள் லேத் பட்டறையில் நடந்தது.

பட்டறையில் இப்போது நானும் மனைவியும்தான். மகன் பைக் விபத்தில் போய்விட்டான். அதை எழுத எனக்கு வராது. அவன் வாங்கி வைத்த கம்ப்யூட்டர் மட்டும் இருந்தது. வேலைக்கு வேண்டிய டிராயிங் எல்லாம் அதில்தான். காலையில் என் மனைவிதான் அதை ஆன் செய்வாள். ஒரு வட்டத்துக்குள் அவன் படம் வரும். கீழே அவன் பெயர். அவன் சொல்லிக்கொடுத்த நாலு நம்பரை அழுத்தினால் திறக்கும். அவள் உடனே அழுத்த மாட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் கூப்பிட மாட்டேன்.

பூஜைக்கு முன்னால் எல்லா மெஷினுக்கும் கம்ப்ரஸர் காற்று அடித்துத் தூசி எடுப்பது எங்கள் வழக்கம். இதுவும் மெஷின்தானே என்று கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி அடித்தேன். கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் சேர்ந்திருந்ததைப் பார்க்கவில்லை. காற்றோடு தண்ணீரும் உள்ளே போய்விட்டது. மேலாகத் துடைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். டப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுநாள் அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம்.

பூஜை முடிந்து காந்திபுரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். ரிப்பேர் பார்த்தது ஒரு பெண்.

"மதர்போர்டு போயிருச்சுங்கண்ணா. இதே போர்டு இப்ப வர்றதில்லீங்க. புதுசு போட்டா பிராசஸர், ராம் எல்லாமே மாத்தோணும். ஹார்டு டிஸ்க் நல்லாருக்குதுங்க."

மாற்றச் சொன்னேன். வேலை முடிந்ததென்று கூப்பிட்டபோது மனைவியும் கூட வந்தாள். ஆன் செய்ததும் அவன் படம் வந்தது. அவளே கையை நீட்டி நாலு நம்பரை அழுத்தினாள். ஏற்கவில்லை.

"போர்டு மாறிப்போச்சில்லீங்க. இது வேற கம்ப்யூட்டர்னு விண்டோஸ் நெனச்சுக்குது. அந்த நாலு நம்பரு இனிச் செல்லாதுங்க. பழைய ஆளு அவரோட அக்கவுண்ட் பாஸ்வேர்டு போட்டு, நான்தான்னு சொன்னா மறுபடியும் ஆக்டிவேட் பண்ணிக்கலாம். தம்பிய ஒருக்கா வரச் சொல்லுங்கண்ணா."

"அவன் வர மாட்டானுங்க" என்றேன்.

அந்தப் பெண் எங்கள் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு வழி இருக்கிறது, அவர் போன் நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதைப் போடலாம் என்றாள். இனி யார் பேசப் போகிறார்கள் என்று அந்த நம்பருக்கு நாங்கள் ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தோம். என் போனிலிருந்து அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள். நம்பர் அவளுக்குப் போயிருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க, ஓடிபி எல்லாம் யாருக்கும் சொல்லக் கூடாதுங்களே."

"எம் பையன் நம்பருங்க அது. செத்துப்போயிட்டானுங்க."



"எங்க ஊட்டுக்காரரும் இப்படித்தானுங்க, யாரோ அழுதாங்கன்னு ஓடிபியச் சொல்லி ஏமாந்துபோட்டாரு. தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா."

வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

டிராயிங்கை எல்லாம் வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, கடைப் பெண் பழையதை அழித்துப் புது விண்டோஸ் போட்டாள். புது லைசென்ஸ். உடனே ஆக்டிவேட் ஆனது. தொழிலுக்கு ஒன்றும் கெடவில்லை.

"பேரு கேக்குதுங்கண்ணா. பட்டறை பேரே போட்டரட்டுங்களா?"

நான் சரி என்று சொல்வதற்குள் மனைவி, "எம் பையன் பேரே போடு கண்ணு" என்றாள். எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

"படமும் வெச்சுத் தரட்டுங்களா?"

"வேண்டாம் கண்ணு. பேரு போதும்."

இப்போதும் காலையில் அவள்தான் ஆன் செய்கிறாள். வட்டத்துக்குள் முகமில்லாத ஒரு சாம்பல் தலை வருகிறது. கீழே அவன் பெயர். பிறந்தபோது ஒரு தடவை வைத்தோம், இது இரண்டாவது தடவை. அவள் நிற்பதில்லை. வந்ததும் நம்பரை அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள். அவன் இனி இல்லை என்பது, அவள் நிற்காமல் போகும் ஒவ்வொரு காலையிலும் எனக்கு மறுபடியும் உறுதியாகிறது.