கடலுக்கு யார் அட்சதை போட்டது?

கிளேபாங் கடற்கரையின் அந்தி வானத்தை முழுதாகப் படம் எடுக்க ஒரு வைட் லென்ஸ் தேடிக்கொண்டிருந்தேன். ஆன்லைனில் பழைய லென்ஸ் விற்பவர் ஒருவர், இன்று ஆயர் குரோ சாப்பாட்டுக் கடைக்கே கொண்டுவந்தார்.

"கடல், மலை மட்டும்தான்க்கா எடுத்தேன். புதுசு மாதிரி லா."

அவர் கொடுத்த லென்ஸ் பையைக் கவிழ்த்தேன். லென்ஸோடு மஞ்சள் அரிசியும் மேசையில் உதிர்ந்தது.

"கடலுக்கு யாரு தம்பி அட்சதை போட்டா?"

"அது... தங்கச்சி கல்யாணம்க்கா. அந்த ஒரு நாள்தான்."

வாரா வாரம் கல்யாணத்தில் உழைத்த லென்ஸ் என்றால் எனக்கு எத்தனை நாள் தாங்கும்? லென்ஸோடு தந்த ஃபில்டர்களையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றையும் மூன்று தாம்பூலப் பைகளில் சுற்றியிருந்தார். ஒவ்வொன்றிலும் வேறு மணப்பெண்ணின் பெயர்.

வாங்காமல் வந்துவிட்டேன்.

அவருக்கு மொத்தம் எத்தனை தங்கச்சிகள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.