ஆறு பதிமூன்று

தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பார்கள். நானும் ஒரு டீச்சரும் அதை ‘உடையாத நம்பர்’ என்போம். தொண்ணூறுகளின் கடைசியில், பாறசாலையிலிருந்து தம்பானூர் போகும் காலை பஸ்ஸில், டிக்கெட்டில் அச்சிட்ட ஆறு இலக்க எண்ணை உடைப்பதுதான் எங்கள் விளையாட்டு. அவர் தற்காலிகக் கணக்கு டீச்சர். பெண்கள் சீட்டின் கடைசி வரிசையில் உட்காருவார். நான் நேர் பின்னால். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு ஃபைல் கட்டும் குமாஸ்தா என்பதால் ஜெயிக்கிற வெறி எனக்குக் கொஞ்சம் அதிகம். ஒருவர் விடையைச் சொல்லிவிட்டால் மற்றவர் சரிபார்க்கக் கூடாது. அது எங்களுக்குள் ஒரு மரியாதை.

ஒரு திங்கட்கிழமை அவர் கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினார். பாலக்காட்டில் நிரந்தர வேலை. போகாதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. “சந்தோஷம், டீச்சரே” என்றேன்.

அவர் தன் டிக்கெட்டை நீட்டினார். 104729.

“சாரே, இது உடையலேன்னா நான் போவல. உடைஞ்சா போறேன். செரியா?” என்றார், சிரித்துக்கொண்டே.

சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். எண்ணைக் கண்டதும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. இலக்கங்களைக் கூட்டினால் இருபத்துமூன்று, எனவே மூன்றால் போகாது. ஏழில் இரண்டு மிச்சம். பதினொன்றும் இல்லை. பதிமூன்றில் முதல் நூற்றுநான்கு கச்சிதமாகப் போனது. கடைசியில் எழுபத்தொன்பது நின்றது. ஆறு பதிமூன்று எழுபத்தொன்பது.

“பதிமூணுல போகும்!” என்று கத்தினேன். கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அவர் டிக்கெட்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். வழியில் பாலராமபுரம் தாண்டும்வரை டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

“நல்லா பாத்தீங்களா சாரே?”

“பின்னே? நான் சொன்னா சொன்னதாக்கும்.”

“செரி” என்று டிக்கெட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். அந்த வாரமே பாலக்காட்டுக்குப் போய்விட்டார்.

சில வருடங்கள் கழித்து, பழைய லாகரிதம் புத்தகத்தில் அந்த டிக்கெட் கிடைத்தது. அவர் கைபட்ட காகிதம் ஆயிற்றே என்று ஆசையாக மறுபடி வகுத்தேன். ஆறு பதிமூன்று எழுபத்தெட்டு. ஒன்று மிச்சம். பதறிப்போய் இன்டர்நெட் சென்டருக்கு ஓடிப் பட்டியலில் தேடினேன். உடையாத நம்பர்தான். இரண்டிலிருந்து எண்ணினால் சரியாகப் பத்தாயிரமாவது பகா எண்.

மரியாதைக்காகத்தான் அவர் சரிபார்க்கவில்லை என்று அதுவரை நம்பியிருந்தேன். தினமும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஆறு பதிமூன்று தெரியாமலா இருக்கும்? நான் திருத்திச் சொல்வேன் என்று பாலராமபுரம்வரை காத்திருந்திருக்கிறார்.

இப்போதும் அந்த பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டைத்தான் முதலில் பார்க்கிறேன். ஒரே ஒரு நாள் நான் தோற்றிருக்கலாம்.